சிறை செல்லத் துணிந்த ருக்மாபாய் அம்மையார்

1887ஆம் ஆண்டு மார்ச் மாதம் 4ஆந் திகதி பம்பாய் உயர் நீதிமன்றத்திலே ஒரு கட்டளை பிறந்தது. பிரதிவாதியாக நின்றவர் இருபத்திரண்டு வயது நிரம்பிய ஓர் இளம் பெண். களவு, கொலை, பொய்ச்சாட்சி என்று எதுவும் அவர்மேற் சாட்டப்படவில்லை. பதினோராம் வயதிலே தமக்குச் செய்து வைக்கப்பட்ட கலியாணத்தை ஒப்புக்கொண்டு, அக்கணவரோடு குடிபுக அவர் மறுத்தார், வழக்கு அவ்வளவே. ஒரு மாதத்துக்குள் கணவர் வீட்டுக்குச் செல்ல வேண்டும், செல்லாவிடில் ஆறு மாதம் சிறையிருக்க வேண்டும் என்பது நீதியரசர் ஃபாரன் இட்ட கட்டளை. அப்பெண்ணோ, கணவர் வீட்டினும் சிறையே தமக்கு ஏற்றது என்பதைச் சிறிதும் தயங்காது தெரிவித்துவிட்டார். அவர் பெயர் ருக்மாபாய்.

அம்மையாரின் வரலாற்றை நான் எழுதப் புகுந்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுச் சீனன்குடாவிலே வாழ்ந்து வருகிறேன். என்னிடம் சிறு வகுப்பிற் படித்த பெண்ணொருத்தி, பட்டதாரியாகி, இப்போது கொழும்பிலே முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கின்றாள். பெண்களுக்கு எதிரான வன்முறையும் குற்றவியற் சட்டமும் என்பதே அவள் எடுத்துக்கொண்ட பொருள். விடுமுறையில் ஊருக்கு வரும்போதெல்லாம் தீர்ப்புகளின் படிகளைக் கட்டுக்கட்டாகச் சுமந்து வருவாள். அடிபட்ட கதைகளைப் படிப்பதற்கும் ஒரு பட்டமா என்று அயலவர் சிலர் நகைத்ததை நான் கேட்டிருக்கிறேன். அவளோடு அத்தாள்களைப் புரட்டிப் பார்த்த பின்னர், நகைத்தவர்களுக்கு விடையாகச் சொல்லத்தக்க ஒரு வாழ்க்கை உண்டென்றால் அது ருக்மாபாயின் வாழ்க்கைதான் என்று எனக்குப் பட்டது. ஒரு கணவன் கையோங்கி அடித்த கதையன்று இது. அவன் சார்பில் ஓர் அரசாங்கமே கையோங்கிய கதை.

ருக்மாபாய் 1864ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 22ஆந் திகதி பம்பாயிலே பிறந்தார். தந்தையார் ஜனார்த்தன் பாண்டுரங், தாயார் ஜெயந்திபாய். தாயின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். பதினான்கு வயதில் மணமாகி, பதினைந்தில் தாயாகி, பதினேழில் கைம்பெண்ணானவர் அவர். மகளுக்கு அப்போது இரண்டரை வயது. அவர்கள் பிறந்த சுதார் என்னும் தச்சர் குலத்தில் கைம்பெண் மறுமணம் வழக்கத்தில் இருந்தமையால், சில ஆண்டுகளின் பின் ஜெயந்திபாய் மறுமணஞ் செய்துகொண்டார். அதற்கு முன்னர், இறந்த கணவரின் சொத்தை மகள் பெயருக்கு எழுதி வைத்தார். பிற்காலத்து வழக்கிலே இச்சொத்தும் நிழல்போல் உடன் வரக் காண்போம்.

தாயார் மணந்தவர் வைத்தியர் சகாராம் அர்ஜுன். கிராண்ட் மருத்துவக் கல்லூரியிலே தாவரவியல் கற்பித்தவர். 1883இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் நிறுவனருள் ஒருவராய் விளங்கியவர். மாற்றாந்தந்தை என்றதும் நம் கதைகளில் வரும் கொடியவனை வாசகர் எண்ண வேண்டா. ருக்மாபாய்க்கு வாய்த்த நற்பேறுகளுள் முதன்மையானது இந்த மனிதரே. ஆயினும் அவரும் தம் காலத்தின் மனிதர்தாம். பதினொரு வயதுச் சிறுமிக்குத் தம் உறவினனாகிய தாதாஜி பிகாஜி என்னும் பத்தொன்பது வயது இளைஞனை மணம் முடித்து வைத்தபோது அவரும் உடனிருந்தார்.

ஓர் ஏற்பாடு இருந்தது. ஏழையாகிய மாப்பிள்ளை பெண் வீட்டாருடைய ஆதரவிலே தங்கிப் படித்து ஆளாக வேண்டும். பின்னரே குடும்ப வாழ்க்கை. தாதாஜிக்குப் படிப்பிலே மனஞ் செல்லவில்லை. பள்ளியை விட்டார், நாராயண் தர்மாஜி என்னும் மாமன் வீட்டிற் போய்த் தங்கினார், கடன்பட்டார், காச நோயும் கண்டது. இதே காலத்திலே சிறுமியோ வேறு வழியில் நடந்துகொண்டிருந்தாள். பள்ளிப்படிப்பு நின்றுபோனதும், மிசனரிமாருடைய நூல்நிலையத்திலிருந்து புத்தகங்களைப் பெற்று வீட்டிலிருந்தே ஆங்கிலம் கற்றாள். வீட்டுக்கு வந்துபோன சீர்திருத்தக்காரர்களின் பேச்சைக் கேட்டாள். பருவமெய்தியதும் கணவரோடு கூட்டிவைக்கும் சடங்கை நடத்தலாகாது என்று சகாராம் தடுத்தார். பெண் மிகவும் இளையவள் என்பது வைத்தியராகிய அவருடைய கருத்து. அந்நாளில் இவ்வாறு சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

1884ஆம் ஆண்டு மார்ச் மாதம் தாதாஜியின் சட்டத்தரணிகளிடமிருந்து கடிதம் வந்தது. மனைவியை அனுப்பி வைக்க வேண்டும் என்பது கோரிக்கை. ருக்மாபாய் மறுத்தார். வறுமை, நோய், நடத்தை என்று காரணங்கள் பல கூறப்பட்டன. ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில் ஒன்று கிடந்தது: தாம் அறியாப் பருவத்தில் நடந்த ஒரு சடங்கு தம்மைக் கட்டுப்படுத்தாது என்னும் எண்ணம். இதை ஒரு பெண் நீதிமன்றத்தின் முன் வைத்ததே அன்று பெரும் புதுமை. தாதாஜி வழக்குத் தொடுத்தார். பெண்ணின் சொத்தைக் கைப்பற்றவே கணவர் வருகிறார் என்று ஒரு பக்கமும், அதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளத்தான் பெண்ணைத் தாய் வீட்டார் தடுக்கிறார்கள் என்று மறுபக்கமும் குற்றஞ் சாட்டிக்கொண்டன. நம்மூர்க் குடும்ப வழக்குகளிலும் உறுதிக் காணியைச் சுற்றி இதே பேச்சை நாம் கேட்டதில்லையா?

இந்த வழக்கின் சட்ட அடிப்படை சற்று வேடிக்கையானது. தாம்பத்திய உரிமையை மீட்டுத் தருதல் என்பது அதன் பெயர். இந்து தரும நூல்களில் இப்படி ஒரு வழக்கு வகையே இல்லை. இங்கிலாந்திலே திருச்சபை நீதிமன்றங்கள் வளர்த்தெடுத்த கோட்பாடு அது. பிரிந்துபோன துணையை மீண்டும் சேர்ந்து வாழும்படி கட்டளையிடுவது. அதை இந்திய நீதிமன்றங்கள் இரவல் வாங்கிக்கொண்டன. பிரிவுக் கவுன்சிலும் 1867இல் ஒரு முஸ்லிம் தம்பதியரின் வழக்கிலே அதற்கு இடமுண்டு என்று தீர்த்தது. கட்டளைக்குப் பணியாதவரைச் சிறையிலடைக்கும் அதிகாரத்தை 1882ஆம் ஆண்டின் இந்தியக் குடியியல் நடைமுறைக் கோவை கொடுத்தது. இவ்வளவும் நடந்தபின், இக்கோட்பாடு பிறந்த இங்கிலாந்திலே என்ன செய்தார்கள் தெரியுமா? 1884ஆம் ஆண்டிலே, தாதாஜியின் வழக்கு எழுந்த அதே ஆண்டிலே, இக்கட்டளைக்குப் பணியாதவரைச் சிறையிலடைக்கும் முறையைப் பாராளுமன்றம் நீக்கிவிட்டது. ஆக, இலண்டனில் ஒரு பெண் செய்தால் சிறையில்லாத காரியத்துக்குப் பம்பாயில் ஒரு பெண் சிறை செல்ல வேண்டியதாயிற்று. தாய்வீட்டில் கழித்து எறிந்த சட்டையைக் குடியேற்ற நாட்டாருக்கு உடுத்தி விட்டார்கள்!

வழக்கு நீதியரசர் பின்ஹே முன்னிலையில் வந்தது. ருக்மாபாயின் பக்கம் நின்று வாதாடியோருள் காசிநாத் திரியம்பக் தெலாங்கும் ஒருவர். சமஸ்கிருதப் புலமையிலும் சட்டப் புலமையிலும் பெயர் பெற்றவர், பிற்காலத்தில் அதே நீதிமன்றில் நீதியரசராய் அமர்ந்தவர். 1885 செப்டெம்பரில் பின்ஹே தீர்ப்பளித்தார். சேர்ந்து வாழ்ந்து பிரிந்தவரை மீளச் சேர்ப்பதற்கென எழுந்த ஒரு முறையைக் கொண்டு, ஒருநாளும் சேர்ந்து வாழாத ஒருத்தியை, அறியாப் பருவத்தில் மணமுடித்து வைக்கப்பட்டவளை, விருப்பத்துக்கு மாறாக ஓர் ஆணிடம் ஒப்படைக்க முடியாது என்பது அவர் முடிபு. விலங்குகளை ஒப்படைப்பது போலப் பெண்ணை ஒப்படைப்பதோ என்று அவர் அருவருப்பைத் தீர்ப்பிலேயே வெளிப்படுத்தினார். அதைக் கேட்டு மகிழச் சகாராம் அர்ஜுன் இல்லை. அவர் அவ்வாண்டு ஏப்ரலிலேயே காலமாகிவிட்டார்.

அந்த ஆண்டிலே இன்னொரு செயலும் நடந்தது. பம்பாய்ப் பத்திரிகையாகிய டைம்ஸ் ஒவ் இந்தியாவிலே ஓர் இந்து மாது என்னும் புனைபெயருடன் இரண்டு கடிதங்கள் வெளிவந்தன; ஜூனில் வந்தது குழந்தை மணத்தைப் பற்றியது, செப்டெம்பரில் வந்தது கைம்மைக் கொடுமையைப் பற்றியது. எழுதியவர் வேறு யாருமல்லர், நீதிமன்றத்திலே பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த இதே பெண்தான். தம் வழக்கிலே பேசச் சட்டத்தரணிகள் இருந்தார்கள். தம் இனத்துக்காகப் பேச அவர் தம் பேனாவையே நம்பினார். குழந்தை மணம் உடலை மட்டுமன்றிப் பெண்ணின் அறிவையும் எவ்வாறு முளையிலே கருக்கிவிடுகின்றது என்பதை அவர் அக்கடிதத்தில் விரித்த முறை, இன்று படித்தாலும் நெஞ்சைத் தைக்கும். எனக்கு இந்தக் கடிதங்கள் வழக்கினும் பெரியனவாகத் தோன்றுகின்றன. வழக்கு அவர்மீது வந்து விழுந்தது. கடிதங்களை அவர் தாமே தேர்ந்து எழுதினார்.

பின்ஹேயின் தீர்ப்பு நெடுங்காலம் நிற்கவில்லை. தாதாஜி மேன்முறையீடு செய்தார். 1886இல் பிரதம நீதியரசர் சார்ஜென்றும் நீதியரசர் பெய்லியும் அத்தீர்ப்பைத் தள்ளி, வழக்கை மறுபடி விசாரிக்குமாறு திருப்பியனுப்பினர். இதற்கிடையே நாடு இரண்டுபட்டது. பெஹ்ராம்ஜி மலபாரி போன்ற சீர்திருத்தக்காரர் ருக்மாபாயின் பக்கம் நின்றனர். பாலகங்காதர திலகரின் கேசரிப் பத்திரிகை அவரைக் கடுமையாகத் தாக்கியது. ஆங்கிலக் கல்வி பெண்ணைக் கெடுத்துவிட்டது என்றும், பின்ஹே இந்து தருமத்தின் உட்பொருளை அறியாதவர் என்றும் அது எழுதிற்று. அந்நியன் நம் வீட்டு வாசலைக் கடக்கலாகாது என்னும் மான உணர்வு அதற்குப் பின்னே இருந்தது. நாட்டு விடுதலையிலே திலகருக்குரிய இடத்தை நான் குறைக்க மாட்டேன். ஆனால் அந்நியன் வரலாகாத அந்த வீட்டுக்குள்ளே இருந்தவள் யார், அவள் வெளியேற விரும்பினாளா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அந்நியனின் சிறையைத் துணைக்கழைத்தே அவ்வீட்டைக் காக்க வேண்டியிருந்தது என்பதையும் அவர் காணவில்லை.

இவ்வாறுதான் 1887 மார்ச் 4ஆந் திகதி வந்தது. அதற்குச் சரியாக ஆறு நாட்களின் முன், பெப்ரவரி 26ஆந் திகதி, அமெரிக்கா சென்று மருத்துவப் பட்டம் பெற்று வந்த ஆனந்திபாய் ஜோஷி, ஒரு நோயாளிக்கும் மருந்து கொடுக்க வாய்க்காமலே, இருபத்தோராம் வயதில் மறைந்தார். மராத்திய நாடு முழுவதும் அவருக்காக அழுதது. கணவர் விருப்பப்படி கடல் கடந்து கற்ற பெண்ணைப் போற்றிக் கண்ணீர் வடித்த அதே சமூகம், கணவரை மறுத்த பெண்ணைச் சிறைக்கு அனுப்பும் கட்டளையை அதே வாரத்தில் வரவேற்றது.

ருக்மாபாய் சிறைக்கு ஆயத்தமானார். ஏப்ரலில் இலண்டன் டைம்ஸ் பத்திரிகையில் அவருடைய கடிதம் வெளிவந்தது; இங்கிலாந்திலே மாக்ஸ் முல்லர் முதலியோர் அவருக்காக எழுதினர். பம்பாயிலே அவருக்கு உதவும் பொருட்டு ஒரு குழு அமைந்தது. தாதாஜியும் தம் பக்கத்தை அச்சிட்டு வெளியிட்டார். ருக்மாபாய் பத்திரிகையிலே விடையளித்தார். கட்டளை இருந்தது, சிறையோ திறக்கவில்லை. அரசினருக்கும் தருமசங்கடம், வழக்காடுவோருக்கும் கைப்பொருள் கரைந்தது. முடிவில் 1888ஆம் ஆண்டு ஜூலை மாதம் இரு பக்கத்தாரும் இணக்கத்துக்கு வந்தனர். ருக்மாபாய் இரண்டாயிரம் ரூபா கொடுக்க, தாதாஜி தம் கட்டளையை நிறைவேற்றும் உரிமையைக் கைவிட்டார். அடுத்த ஆண்டு அவர் வேறு மணஞ் செய்துகொண்டார்.

விக்டோரியா மகாராணியார் தலையிட்டு மணத்தையே ரத்துச் செய்தார் என்று ஒரு கதை நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. பாடப் புத்தகம் போன்றவற்றிலும் இடம்பெற்றுவிட்டது. அது கதையே. எந்த மகாராணியும் கைகொடுக்கவில்லை. மணம் ரத்தாகவுமில்லை. சட்டம் ஒரு நூலளவும் மாறவில்லை. ஒரு பெண் தன் விடுதலையை இரண்டாயிரம் ரூபா எண்ணிக் கொடுத்து வாங்கினாள் என்பதே உண்மை. மகாராணியின் கதையை நாம் விரும்புவது ஏனென்று எண்ணிப் பார்க்கிறேன். அரசு இரங்கிற்று என்று கேட்பது நமக்கு ஆறுதலாக இருக்கிறது போலும்.

இங்கே என் மாணவி எனக்குக் காட்டிய இன்னொரு தீர்ப்பைச் சொல்ல வேண்டும். 1890ஆம் ஆண்டு கல்கத்தாவிலே புல்மணி தாசி என்னும் பதினொரு வயதுச் சிறுமி, முப்பத்தைந்து வயதளவினனான கணவன் ஹரி மோகன் மைத்தியின் பலவந்தத்தினால் உதிரம் பெருகி இறந்தாள். கற்பழிப்பு என்று அவனைக் குற்றஞ்சாட்ட இயலவில்லை. மனைவி பத்து வயதைக் கடந்தவளாயின் கணவன் செய்வது அக்குற்றமாகாது என்பது 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக் கோவை. உயிருக்கு ஆபத்து விளைக்கும் செயலாற் கொடுங்காயம் உண்டாக்கியமைக்கு மட்டுமே அவன் தண்டிக்கப்பட்டான். தண்டனை பன்னிரண்டு மாதக் கடூழியச் சிறை. கணவனிடம் போக மறுத்தவளுக்கு ஆறு மாதம்; மனைவியின் உயிரைப் போக்கியவனுக்குப் பன்னிரண்டு மாதம். இரண்டு தீர்ப்புகளையும் ஒரே மேசையில் அருகருகே விரித்து வைத்துவிட்டு அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ருக்மாபாயின் வழக்கு கிளப்பிய புழுதியும் புல்மணியின் சாவும் சேர்ந்து 1891இல் சம்மத வயதுச் சட்டத்தைக் கொண்டுவந்தன. பத்து என்றிருந்த எல்லை பன்னிரண்டாக உயர்ந்தது. இரண்டே இரண்டு ஆண்டுகள்! அதற்கும் தெருவெல்லாம் கொந்தளித்தது. அப்போது இங்கிலாந்திலிருந்த ருக்மாபாய், 1890இலேயே அங்குள்ள ஒரு சஞ்சிகையில் இந்தியக் குழந்தை மணங்களைப் பற்றிப் பிரித்தானிய அரசுக்கு விண்ணப்பமாக ஒரு கட்டுரை எழுதியிருந்தார்.

இவையெல்லாம் கடல் கடந்த செய்திகள், நமக்கென்ன என்று எவரும் நினைத்துவிட வேண்டா. இலங்கையின் தண்டனைச் சட்டக் கோவை 1883ஆம் ஆண்டிலே, அந்த இந்தியக் கோவையைப் பார்த்தே வரையப்பட்டது. 1995இல் அதனைத் திருத்தியபோது சம்மத வயதைப் பதினாறாக்கினார்கள், நல்லதே. ஆயினும் அத்திருத்தத்தின் 363ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பதினாறு வயதுக்குட்பட்டவள் மனைவியாகவும், பன்னிரண்டு வயதைக் கடந்தவளாகவும், நீதிமன்றத்தாற் பிரித்து வைக்கப்படாதவளாகவும் இருந்தால் மட்டும் விதிவிலக்கு என்று அதிலே எழுதி வைத்திருக்கிறார்கள். 1891இல் கல்கத்தாவிலே எந்தப் பன்னிரண்டுக்காகக் கூச்சலிட்டார்களோ அதே பன்னிரண்டு, நூறாண்டுக்கு மேல் கழிந்து கொழும்பிலே. வயது வந்த மனைவியின் நிலையும் அவ்வாறே. நீதிமன்றம் பிரித்து வைத்த பின்னரன்றி அவளுடைய மறுப்புக்கு அத்திருத்தம் மதிப்பளிக்கவில்லை.

எங்கள் சீனன்குடாவிலே காட்டுக்குள் வரிசை வரிசையாக எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. உலகப் போருக்கு முன்னர் பிரித்தானியர் கடற்படைக்கென எழுப்பியவை. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய இடம் இது. அக்குதங்கள் யாருக்கு உரியவை, எவருக்குக் குத்தகை என்பது பற்றி 2003இலும் 2022இலும் ஒப்பந்தங்கள் எழுந்தன. பாராளுமன்றத்திற் பேசினார்கள், பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. வெள்ளையர் விட்டுச்சென்ற இரும்பைப் பற்றி இவ்வளவு வாதம். அவர்கள் விட்டுச்சென்ற சட்ட வாசகங்கள் நம் வீடுகளுக்குள்ளே இருந்துகொண்டிருப்பதைப் பற்றி அதிற் பத்திலொரு பங்கு பேச்சும் இல்லை. 2005இல் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. நீதவானிடம் சென்று பாதுகாப்புக் கட்டளை பெறலாம், அது பன்னிரண்டு மாதம் வரை நிற்கும். எத்தனை பெண்கள் அவ்வளவு தூரம் போகிறார்கள்? முறைப்பாட்டோடு போனவளைச் சமாதானமாகப் போ பிள்ளை என்று திருப்பியனுப்பும் வழக்கம் எந்த ஓர் ஊருக்கும் தனியுரிமையன்று. பிள்ளைகளின் முகத்தைப் பார் என்பார்கள். அந்தப் பிள்ளைகள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நாற்பதாண்டு வகுப்பறையிலே நின்ற எனக்குத் தெரியும்.

ருக்மாபாயிடம் மீள்வோம். வழக்கிலே வெற்றி பெறாமலே விடுதலை பெற்ற அந்த இளம் பெண், அதைக் கொண்டு என்ன செய்தார் என்பதிலேதான் அவருடைய பெருமை இருக்கின்றது. அப்போது பம்பாய்க் காமா மருத்துவமனையிலே ஈடித் பீச்சி என்னும் ஆங்கில வைத்தியர் பணியாற்றி வந்தார். எடின்பரோப் பல்கலைக்கழகத்திலே மருத்துவம் கற்கப் போராடிய எழுவர் மாதருள் ஒருவர் அவர். கதவடைக்கப்பட்டவரின் வேதனை அவருக்குத் தெரியும். அவருடைய ஊக்கத்தாலும் பலருடைய பொருளுதவியாலும் ருக்மாபாய் 1889இல் கப்பலேறி, இலண்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அதே ஆண்டிலேதான் புனேயிலிருந்து கொர்னேலியா சொராப்ஜி ஒக்ஸ்போர்டுக்குச் சட்டம் படிக்கச் சென்றார். ஒருவர் மருந்தையும் மற்றவர் சட்டத்தையும் கைக்கொண்டார். கொர்னேலியா 1892இலே சட்டத்தின் மேற்பட்டப் பரீட்சை எழுதினார். பெண் என்பதனால் அப்பட்டத்தை அவர் கையிற் கொடுக்க அப்பல்கலைக்கழகத்துக்கு முப்பதாண்டு பிடித்தது. சட்டத்தினாற் காயம்பட்ட ருக்மாபாய் சட்டம் படிக்கவில்லையே என்று என் மாணவி ஒருமுறை குறைப்பட்டாள். படித்திருந்தால் நெடுங்காலம் இந்திய நீதிமன்றங்களிலே நிற்க அவருக்குச் சட்டம் இடங் கொடுத்திராது. அவர் தேர்ந்தது சரியே.

1894இல் பிரசெல்சு நகரிலே மருத்துவக் கலாநிதிப் பட்டம் பெற்று, மறு ஆண்டு தாய்நாடு திரும்பிச் சூரத்து நகரின் பெண்கள் மருத்துவமனைப் பொறுப்பை ஏற்றார். புகழும் பரபரப்பும் நிறைந்த பம்பாயை விட்டு அவர் விலகியதை நான் கருத்திற் கொள்கிறேன். வழக்காடிய பெண் என்று விரல் நீட்டப்படாத ஊரிலே, அவர் வெறும் வைத்தியராக இருக்க முடிந்தது. பிரசவத்துக்கு மருத்துவமனை செல்வதென்றால் அந்நாட் பெண்களுக்குப் பேரச்சம். அங்கே போனவள் திரும்பாள் என்ற எண்ணம். அவர் செய்த தந்திரம் ஒன்றைச் சூரத்திலே கதையாகச் சொல்வார்கள். சினைப்பட்ட ஆடொன்றை மருத்துவமனைக்குக் கொண்டுவந்து அங்கேயே குட்டி ஈனச் செய்தாராம். தாயும் குட்டியும் நலமாய் நிற்பதைக் கண்ட பின்னரே பெண்கள் மெல்ல மெல்ல வரத் தொடங்கினராம். மேடையிற் பேசுவோர் இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வதுண்டு. எனக்கோ இது சிரிப்பன்று. நீதிமன்றம் தம்மிடம் கேட்காத ஒன்றை அவர் அப்பெண்களிடம் கேட்டார்: அவர்களுடைய சம்மதத்தை. அஞ்சுகிறவளை இழுத்து வராமல், அவள் தானே படியேறும்வரை காத்திருந்தார்.

பிளேக்கு நோய் மேற்கிந்தியாவை வாட்டியபோது சூரத்திலே நின்று உழைத்தார். பின்னர் ராஜ்கோட்டிலே பெண்கள் மருத்துவமனையை நடத்தினார். முப்பத்தைந்து ஆண்டுக்குக் குறையாத பணி. மறுமணம் செய்யவில்லை. 1904இலே தாதாஜி இறந்த செய்தி வந்தபோது, அவர் கைம்பெண்கள் உடுக்கும் வெண்சேலையை உடுத்துக்கொண்டார் என்பர். இதைக் கேட்டு மனம் குழம்புவோர் பலர். வாழ்வதற்கு மறுத்த கணவனுக்காகக் கைம்மைக் கோலமா? நான் இதை இவ்வாறு விளங்கிக்கொள்கிறேன். அவர் எதிர்த்தது பலவந்தத்தை. வெண்சேலையை எவரும் அவர்மீது சுமத்தவில்லை. தாமே எடுத்து உடுத்தார். நாற்பது வயதிலே அதைத் தீர்மானிக்க அவருக்கு உரிமை இருந்தது, பதினோராம் வயதில் இல்லாதிருந்த உரிமை.

ஓய்வு பெற்ற பின்னரும் பேனாவை வைத்துவிடவில்லை. பர்தா முறையை ஒழிக்க வேண்டும் என்று 1929இலே ஒரு சிறு நூல் வெளியிட்டார். இளம் வயதில் ஓர் இந்து மாது என்று பெயரை மறைத்து எழுதியவர் இப்போது தம் பெயரோடு எழுதினார்.

அவர்மீது ஏவப்பட்ட சட்டம் என்னாயிற்று என்று வாசகர் கேட்கலாம். தாம்பத்திய உரிமைக் கட்டளைக்குப் பணியாதவரைச் சிறையிலடைக்கும் முறை இந்தியாவிலே 1923இல் நீக்கப்பட்டது. இங்கிலாந்து நீக்கி முப்பத்தொன்பது ஆண்டுகளின் பின். சிறை போயிற்றே தவிர வழக்கு போகவில்லை. இந்து நூல்களில் இல்லாத அந்த இரவற் கோட்பாட்டை, விடுதலை பெற்ற இந்தியா 1955ஆம் ஆண்டு மே மாதம் 18ஆந் திகதி நிறைவேறிய இந்துத் திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவிலே இந்துக்களுக்குரிய சட்டமாகவே எழுதிக்கொண்டது. 1983இலே ஆந்திர உயர் நீதிமன்றம், சரிதா வழக்கில், அப்பிரிவு ஒரு பெண்ணின் உடல் மீதும் மானத்தின் மீதும் அரசு செய்யும் பலவந்தம் என்று கண்டு அதைச் செல்லாதென்றது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கிலே அது செல்லும் என்று நிலைநாட்டிவிட்டது.

அச்சட்டம் வந்த நான்கு மாதங்களின் பின்னர், 1955ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 25ஆந் திகதி, தொண்ணூறு வயது நிரம்பியிருந்த ருக்மாபாய் அம்மையார் காலமானார்.